கடலாயியின் வழக்கு

இராமநாதபுரச் சீமையைச் சேர்ந்த ஓரியூரில், 1693ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள், போர்த்துகல் நாட்டுத் துறவியான ஜான் டி பிரிட்டோ தலை வெட்டுண்டு மாண்டார். தமிழ் மக்கள் அவரை அருளானந்தர் என்று அழைத்தனர். கத்தோலிக்கத் திருச்சபை 1853இல் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டத்தையும், 1947இல் புனிதர் என்னும் பட்டத்தையும் வழங்கியது. ஓரியூர் மணல் அவர்தம் குருதியால் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. அவர் ஏன் கொல்லப்பட்டார் என்று வினவினால், அக்கதையைக் கேட்டு வளர்ந்தோர் பலரும் ஒரே மூச்சில் விடையிறுத்துவிடுவர்: ஒரு பெண்ணின் சினம். அப்பெண்ணின் பெயர் கடலாயி.

இவ்விடை முழுப் பொய்யன்று; ஆயின் முழு உண்மையும் அன்று. அருளானந்தர் வரலாறு தமிழிலும் பிற மொழிகளிலும் பலமுறை எழுதப்பட்டுள்ளது. மேடைகளிற் பேசப்படுகிறது, திருவிழாக்களில் நாடகமாகவும் நடிக்கப்படுவதுண்டு. இவ்வாறு சொல்லப்படும் கதையில் கடலாயிக்குக் கிடைத்த இடம் யாது, அவள் அரண்மனைக்குக் கொண்டு சென்ற வழக்கு எத்தகையது, அவ்வழக்குக்குத் திருச்சபையின் சட்டம் அன்றும் பின்னரும் என்ன விடை கூறிற்று என்பனவற்றை ஆராய்வது, கதைமாந்தரை மாணவர்க்கு அறிமுகம் செய்யும் தமிழாசிரியர்களுக்கும் பயன் தரும்.

முதலில் நிகழ்ச்சியைக் காண்போம். மறவர் நாட்டுத் தலைவருள் தடியத்தேவர் என்பவர் ஒருவர். சேதுபதிகளின் அரியணைக்கு உரிமை கோரத்தக்க குடியிற் பிறந்தவர். அவர் கொடிய நோயுற்றபோது, கிறித்தவ உபதேசியார் ஒருவர் வந்து நற்செய்தி வாசகத்தைப் படித்துச் செபித்தார். நோய் நீங்கியது. நலம் பெற்ற தேவர் திருமுழுக்குப் பெற விரும்பினார். அருளானந்தர் ஒரு தடையைச் சுட்டிக் காட்டினார். தேவருக்கு மனைவியர் ஐவர். கிறித்தவனுக்கோ ஒருத்தியே மனைவியாதல் கூடும். தேவர் தம் மனைக்குத் திரும்பினார். ஐவரையும் அழைத்து, முதல் மனைவியை மட்டும் மனைவியாகக் கொள்வதாகவும், ஏனைய நால்வரையும் இனித் தம் உடன்பிறந்த நங்கையராகக் கருதி யாதொரு குறைவுமின்றிக் காப்பதாகவும் அறிவித்தார். 1693 சனவரி 6ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, அவர் திருமுழுக்குப் பெற்றார். நால்வருள் இளையவளான கடலாயி, நாட்டையாண்ட கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய உறவினள். அவள் அழுதாள், கணவனிடம் மன்றாடினாள், பயனில்லை எனக் கண்டு சேதுபதியிடம் சென்று முறையிட்டாள். சனவரி 8ஆம் நாளே அருளானந்தர் சிறைப்பட்டார். ஒரு திங்கள் நிறைவதற்குள் ஓரியூரில் அவர் தலை வீழ்ந்தது.

இக்கதையைக் கூறுவோர் உடனே விவிலியத்திலிருந்து ஓர் ஒப்புமையை எடுத்து வைப்பர். திருமுழுக்கு யோவான் ஏரோது மன்னனைக் கண்டித்தார். ஏரோதியாள் சினங் கொண்டு அவர் தலையை வாங்கினாள். அவ்வாறே யோவான் என்னும் பெயர் தாங்கிய பிரிட்டோவும் ஒரு பெண்ணின் சினத்துக்கு இரையானார் என்பர். ஒப்புமை கேட்க இனிமையாயுள்ளது. தலை வெட்டுண்டமையும் பெயர் ஒற்றுமையும் அதற்குத் துணை செய்கின்றன. ஆயினும் ஒப்புமையின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தால் அது நிற்பதில்லை. ஏரோதியாள், உயிரோடிருந்த கணவனை விட்டு அவன் உடன்பிறந்தானோடு வாழ்ந்தவள்; தன் நாட்டுச் சட்டத்தையே மீறியவள். கடலாயி எச்சட்டத்தையும் மீறினாள் அல்லள். தன் குடியினர் அறிய, தன் நாட்டு முறைப்படி, ஒரு தலைவனுக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டவள். ஏரோது கண்டிக்கப்பட்டும் மனைவியை விடவில்லை. தடியத்தேவரோ சொன்னவுடன் விட்டார். ஏரோதியாள் தன்னைத் தள்ளிவிடுவார்களோ என அஞ்சினாள். கடலாயி தள்ளப்பட்டே விட்டாள். உவமைக்கு ஒருபுடை ஒப்புமை போதும் என்று இலக்கணம் கூறலாம். ஆனால் ஒருபுடை ஒப்புமையைக் கொண்டு ஒருத்தியின் மீது முழுப்பழியையும் சுமத்துதல் திறனாய்வும் ஆகாது; நீதியும் ஆகாது.

மேலும், வரலாற்று நோக்கிலும் இப்பழி மிகையானது. 1686ஆம் ஆண்டிலேயே அருளானந்தர் மறவர் நாட்டிற் பிடிபட்டுக் கொடிய வதைகளுக்கு உள்ளானார். விடுவிக்கப்பட்டபோது, இனி இந்நாட்டில் சமயம் பரப்பினால் உயிர் தப்பாது என எச்சரிக்கப்பட்டார். அதன்பின் ஐரோப்பா சென்று, 1690இல் இந்தியா திரும்பி, மீண்டும் அதே நாட்டுக்கே வந்தார். இடர் தெரிந்தே வந்தவர் அவர். அதுவே அவர் பெருமை. மற்றொரு புறம், அரியணைக்கு உரிமை கோரத்தக்க ஒரு தலைவர், நாளுக்கு நாள் பெருகிவரும் ஒரு புதிய சமயக் கூட்டத்தோடு சேர்வதை எந்த மன்னன்தான் கண்டு வாளா இருப்பான்? சேதுபதியின் மனத்தில் விறகு முன்னரே அடுக்கப்பட்டிருந்தது. கடலாயி கொண்டு சென்றது ஒரு தீப்பொறி. தீப்பொறியைச் சொல்லி விறகை மறப்பது கதைக்கு எளிது, வரலாற்றுக்கு அழகன்று.

இனி, அவளுடைய வழக்கின் உள்ளீட்டுக்கு வருவோம். திருச்சபை எந்த முறைமையால் நால்வரை விலக்கச் சொல்லிற்று என்பதை அறியாமல் வழக்கைத் தீர்க்க இயலாது. பலரும் எண்ணுவதுபோல், கிறித்தவர் அல்லாதாரின் திருமணத்தைத் திருச்சபை செல்லாததென்று கூறவில்லை. அதற்கு நேர்மாறாக, திருமுழுக்குப் பெறாத ஆணும் பெண்ணும் தம் நாட்டு வழக்கப்படி செய்துகொண்ட மணம் இயற்கை நெறிப்படி உண்மையான மணமே என்று அது கொள்கிறது. ஆகவே தடியத்தேவரின் முதல் மணம் செல்லும். அது செல்லும் என்பதனாலேயே இரண்டாவது முதலாகிய பின்மணங்கள் செல்லா. மனைவி ஒருத்தி இருக்க, அதே ஆடவன் மற்றொருத்தியோடு பூணும் பிணைப்பு மணமாகாது. 1563இல் திரெந்து பொதுச்சங்கம், கிறித்தவர் ஒரே காலத்தில் பல மனைவியரைக் கொள்வதை இறைச்சட்டம் தடுக்கவில்லை என்று சொல்வோரை வன்மையாகக் கண்டித்தது. இம்முறைமையின்படி, தேவர் நால்வரை மணவிலக்குச் செய்தார் என்று சொல்வதும் பிழை. இல்லாத மணத்தை விலக்குவது யாங்ஙனம்? கடலாயி ஒரு நாளும் மனைவியாக இருந்ததில்லை என்பதே திருச்சபையின் கணக்கு.

இம்முறைமையில் ஓர் உயர்வு உண்டு. அதனை மறைத்தல் கூடாது. மூத்தாள் பக்கம் நின்று பார்த்தால் இதன் நேர்மை விளங்கும். ஒருத்தி மணமகளாய் வந்து, பின்னர் ஒருவர் பின் ஒருவராக நால்வர் அதே மனைக்குள் வரக் கண்டு, வாய் திறவாது பொறுத்திருக்கிறாள். அவளை நோக்கி, உன் உரிமையை வேறு எவரும் பங்கு கொள்ள முடியாது என்று முதன்முதலாக ஒரு சட்டம் சொன்னது. மறவர் நாட்டு மன்னர் மனையில் பெண்ணின் நிலை எவ்வாறு இருந்தது என்பதற்கு ஒரு செய்தி போதும். இதே கிழவன் சேதுபதி 1710இல் இறந்தபோது, அவர்தம் மனைவியர் 47 பேர் அவரோடு தீயில் மாண்டதாக ஏசு சபைத் துறவி ஒருவரின் கடிதம் கூறுகிறது. அந்தத் தீயின் முன் நின்று நோக்குவார்க்கு ஒருவனுக்கு ஒருத்தி என்னும் நெறி வெறுங் கட்டுப்பாடாகத் தோன்றாது, விடுதலையாகவே தோன்றும்.

ஆனால் மூத்தாளுக்குக் கிடைத்த இக்காவலும் உறுதியாக நிற்கவில்லை. இங்கேதான் சட்ட வாசகங்களை ஊன்றிப் படிக்க வேண்டும். 1537இல் மூன்றாம் பவுல் போப்பாண்டவர் ஓர் ஆணை பிறப்பித்தார். மனந்திரும்பும் ஆடவன் தன் மனைவியருள் முதலில் மணந்தவள் யார் என்பதை நினைவுகூர்ந்தால் அவளையே கொள்ள வேண்டும். நினைவில்லையெனில் எவளையேனும் தெரிந்துகொண்டு மணக்கலாம் என்றது அவ்வாணை. (முதல் மனைவி யாரென்று மறந்துபோகும் கணவனின் நினைவாற்றலைப் பற்றி இங்கு ஒன்றும் கூறாதிருப்பதே நலம்.) 1571இல் ஐந்தாம் பயஸ் மேலும் ஒரு படி சென்றார். கணவனோடு திருமுழுக்குப் பெறும் மனைவி முதல் மனைவியாக இல்லாவிடினும், அவன் அவளோடு வாழலாம் என்றார். 1585இல் பதின்மூன்றாம் கிரகோரியின் ஆணை, அடிமைப்பட்டும் சிறைப்பட்டும் துணையினின்று பிரிக்கப்பட்டோரைப் பற்றியது. ஈண்டு அதனை விரிக்க வேண்டுவதில்லை. குறிப்பிட்ட சில நாடுகளுக்கென எழுந்த இம்மூன்றனையும், 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1125ஆம் விதி, அத்தகைய சூழ்நிலை உள்ள பிற நாடுகளுக்கும் விரித்தது.

1537க்கும் 1571க்கும் இடைப்பட்ட 34 ஆண்டுகளில் நேர்ந்த மாற்றத்தை நோக்குக. முதல் ஆணையில் காவல் பெற்றவள் முதல் மனைவி. இரண்டாம் ஆணையிலோ, திருமுழுக்குப் பெற முன்வருபவள் இளையாளாக இருப்பின் மூத்தாளே வெளியேற நேரிடும். இயற்கை நெறிப்படி முதல் மணமே மணம் என்ற அடிப்படையை விடாமலே, போப்பாண்டவரின் தனி அதிகாரத்தால் அம்மணத்தின் கட்டு அவிழ்க்கப்படுகிறது என்று சட்ட அறிஞர் விளக்குவர். விளக்கம் நுட்பமானது. ஆனால் இவ்விரண்டு ஆணைகளிலும் பேசப்படுபவன் கணவன், தெரிந்தெடுப்பவன் கணவன், மனச்சான்று அமைதி பெறவேண்டியவன் கணவன். மனைவியர் தெரிந்தெடுக்கப்படுவோர் அல்லது விடப்படுவோர்.

தமிழ் மரபு இதனை வேறொரு கண்கொண்டு நோக்கியது. தொல்காப்பியக் கற்பியல், முதல் மணத்துக்குப் பின் தலைவன் கொள்ளும் மற்றொரு மணத்தையும் மணமாகவே வைத்துப் பேசுகிறது. அகப்பொருள் நூல்களில் மனைவி வேறு, காமக்கிழத்தி வேறு, பரத்தை வேறு. காமக்கிழத்தி யார் என்பதில் உரையாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அவளுக்கென ஒரு சொல்லும், கூற்று நிகழ்த்த ஓர் உரிமையும் இருந்தன. இது பெண்ணுக்கு நலம் பயந்த ஏற்பாடு என்று கூறுவதற்கில்லை. தலைவனின் விருப்பத்துக்கேற்பப் படிநிலைகளை வகுத்த ஏற்பாடே அது. என்றாலும், அதில் எல்லார்க்கும் பெயர் இருந்தது. திருச்சபைச் சட்டத்தில் மனைவி, மனைவியல்லாதவள் என்னும் இரண்டே சொற்கள். கடலாயியின் நாட்டில் அவள் மனைவி. ஞானநூலில் அவள் மனைவியல்லள். அவ்விரண்டு மொழிகளுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்டவளுக்கு, தேவர் ஒரு மூன்றாம் சொல்லைத் தேடினார். உடன்பிறந்தாள் என்பதே அச்சொல்.

அச்சொல்லின் கொடுமை வெளிப்படையானதன்று. தேவர் கல்நெஞ்சர் அல்லர். உணவுக்கும் உடைக்கும் உறையுளுக்கும் குறைவிருக்காது என்று வாக்களித்தார். அவ்வாக்கை ஐயுறக் காரணமில்லை. அக்காலத்து வேறு எத்தலைவனும் தள்ளிய மனைவிக்கு அவ்வளவேனும் அளித்திருப்பானா என்பது ஐயமே. எனினும் கடலாயி ஏற்கவில்லை. ஏன்? அவள் சோற்றுக்காக வழக்காடவில்லை. மறவர் தலைவர் மனைகளில் மணம் என்பது இருவர் கூடி வாழ்தல் மட்டுமன்று. இரு குடிகள் கைகோத்தல். சேதுபதியின் உறவினளைத் தடியத்தேவர் மணந்தது அரசியல் உறவு. நேற்றுவரை மனைவியாயிருந்தவளை இன்று உடன்பிறந்தாள் என்றழைப்பது, நேற்றுவரை வாழ்ந்த வாழ்வைத் தகாத வாழ்வென்று சொல்வதாகும். அவள் தன் பிறந்தகத்தார் முன் எம்முகத்தோடு நிற்பாள்? ஒருத்தி அரசன் வாயிலில் நின்று வழக்குரைத்ததைக் காப்பியமாகப் போற்றிய நாடு தமிழ்நாடு. அந்நாட்டில் மற்றொருத்தி அரசன் வாயிலுக்குச் சென்றபோது, அவள் என்ன கேட்டாள் என்பதைவிட, அதனால் என்ன விளைந்தது என்பதையே நினைவில் வைத்தோம். விளைந்தது மாசற்ற ஒருவரின் கொலை. அது கொடிது. அக்கொடுமைக்கு ஆணையிட்டவர் மன்னர், கடலாயி அல்லள்.

சட்டம் பின்னர் என்ன ஆயிற்று? 1983ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1148ஆம் விதி இப்பொருளைப் பற்றியது. திருமுழுக்குப் பெறாத பல மனைவியரை ஒரே காலத்தில் உடையவன், திருமுழுக்குப் பெறும்போது, முதல் மனைவியோடு தொடர்ந்து வாழ்தல் அவனுக்குக் கடினமாயின், மற்றவரை விடுத்து அவருள் ஒருத்தியைக் கொள்ளலாம் என்கிறது அதன் முதற்பகுதி. பல கணவரையுடைய பெண்ணுக்கும் இதுவே விதி. இரண்டாம் பகுதி, அவ்வாறு கொண்டவளைத் திருமுழுக்குக்குப் பின் முறைப்படி மணக்க வேண்டும் என்பது. மூன்றாம் பகுதியே நம் ஆராய்ச்சிக்கு உயிரானது. மறைமாவட்டத் தலைவர், அவ்விடத்தின் ஒழுக்க, சமுதாய, பொருளாதார நிலைகளைக் கருத்திற்கொண்டு, விடப்பட்ட முதல் மனைவிக்கும் மற்ற மனைவியர்க்கும் வேண்டுவன போதிய அளவில் கிடைக்குமாறு, நீதியும் கிறித்தவ அன்பும் இயற்கை நடுவுநிலைமையும் கூறும் நெறிப்படி, பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது.

ஓரியூர்க் கொலைக்கு 290 ஆண்டுகள் கழித்து வந்த பகுதி இது. இவ்விதியில் இரண்டு செய்திகள் ஒருங்கே நிகழ்ந்துள்ளன; அவை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையிற் செல்கின்றன. கணவனுக்கு முன்னினும் எளிமை கிடைத்தது: முதல் மனைவி யாரென்பதை மறக்கவும் வேண்டா, வேறொருத்தி அவனோடு திருமுழுக்குப் பெறவும் வேண்டா, முதல்வளோடு வாழ்தல் கடினம் என்பதே போதும். விடப்பட்டவளுக்கோ, முதன்முறையாக இவ்விதியில் ஓர் இடம் கிடைத்தது. அவள் பொறுப்பு ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. விதி அவளை 'மனைவி' என்ற சொல்லாலேயே குறிப்பதும் நோக்கத்தக்கது. மனைவியல்லள் என்று கணக்கிட்ட சட்டம், அவளைப் பற்றி இரங்கும்போது அச்சொல்லைத் தவிர்க்க இயலாமற் போயிற்று. மொழி சில நேரங்களில் சட்டத்தினும் நேர்மையானது.

1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் இதே திசையில் நடக்கிறது. பலதார வாழ்வினின்று வருபவன், முன்னாள் மனைவியர்க்கும் மக்களுக்கும் தான் பட்ட கடப்பாட்டை நிறைவேற்றுதல் நீதியின்பாற்பட்ட பெருங்கடமை என்று அது கூறுகிறது. நன்று. ஆயின் அதே பத்தியில், பல்லாண்டு கூடி வாழ்ந்த மனைவியரை விடவேண்டிய ஆடவனின் இக்கட்டு புரிந்துகொள்ளத்தக்கது என்றும் சொல்கிறது. புரிந்துகொள்ளப்படும் துன்பம் இங்கும் ஆடவனுடையதே. விடுபவனுக்கு இரக்கம், விடப்படுபவளுக்கு உதவி. இரக்கமும் உதவியும் ஒன்றல்ல என்பது உதவி பெற்றுப் பழகியோர்க்குத் தெரியும்.

இதற்கு வேறு வழியே இல்லையா என்று கேட்கலாம். ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்தோர் இக்கேள்வியோடு நூறாண்டுகள் போராடினர். தென்னாப்பிரிக்காவில் நேட்டால் மறைமாவட்டத் தலைவராயிருந்த கொலென்சோ, மனைவியரைத் தள்ளச் சொல்வது அப்பெண்களுக்குச் செய்யும் அநீதி என்று 19ஆம் நூற்றாண்டிலேயே வாதாடினார். 1888இல் இலண்டனில் கூடிய லாம்பெத்து மாநாடு அவர் வாதத்தை ஏற்கவில்லை. பல மனைவியரையுடையவனுக்குத் திருமுழுக்கு இல்லை. அவன் மனைவியர்க்கு மட்டும், சில இடங்களில், அங்குள்ள தலைவர்கள் இசைந்தால் அளிக்கலாம் என்று முடிவு செய்தது. 1988இல் அதே மாநாடு வேறு முடிவுக்கு வந்தது. இருக்கும் மனைவியர் உயிரோடுள்ள வரை மேலும் ஒருத்தியை மணப்பதில்லை என்று வாக்களித்து, அவ்விடத்துச் சபையாரும் இசைந்தால், அவனும் நம்பிக்கை கொண்ட மனைவியரும் மக்களும் திருமுழுக்குப் பெறலாம். மனைவியர் சமுதாயத்தில் அடையும் இழிநிலையைக் கருதி, எவளையும் தள்ளுமாறு அவனை வற்புறுத்தலாகாது என்றது. கத்தோலிக்கத் திருச்சபை இவ்வழியிற் செல்ல இயலாது. மணமல்லாத ஒன்றைத் தொடர்ந்து வாழ இசைவளிப்பது, அதன் நோக்கில், அடிப்படையையே கைவிடுவதாகும். அதன் நிலையில் ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்குக்கு விலை கொடுப்பவர் யார் என்பதே கேள்வி.

நாட்டுச் சட்டங்களும் இதே சிக்கலைச் சந்தித்தன. சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டுப் பெண்கள் சாசனமும், மலேசியாவில் 1976இல் இயற்றப்பட்டு 1982 மார்ச்சுத் திங்கள் முதல் நாள் நடப்புக்கு வந்த திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டமும், முசுலிம் அல்லாதார்க்கு ஒருதார மணத்தையே விதித்தன. ஆயினும் அச்சட்டங்கள் வருமுன் வழக்கப்படி முடிந்த மணங்களை அவை அழிக்கவில்லை. நாளைய மணத்தைத் தடுத்தன. நேற்றைய மனைவியைத் தள்ளவில்லை. தோட்டப்பள்ளிகளின் பழைய பதிவேடுகளைப் புரட்டியவர்கள், ஒரே தகப்பனார் பெயருக்கு எதிரே இருவேறு தாயார் பெயர்கள் எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருக்கக்கூடும். சட்டம் மாறியபோது அப்பெயர்களில் ஒன்றன்மேலும் கோடு விழவில்லை. நாட்டுச் சட்டத்துக்கு இத்தகைய பெருந்தன்மை எளிது. அது இறைவன் பெயரால் பேசுவதில்லை. ஆயினும் ஒருதார நெறியை நிலைநாட்ட இளையாளைத் தெருவில் நிறுத்தியே ஆகவேண்டும் என்பதில்லை என்பதற்கு அஃது ஒரு சான்று.

சட்டம் சொல்லாததைச் சில வேளைகளிற் கதை சொல்லும். கமரூன் நாட்டு எழுத்தாளரான மோங்கோ பெட்டி, 1958இல் பிரெஞ்சு மொழியில் ஒரு நாவல் வெளியிட்டார். 'கிங் லாசரஸ்' என்னும் பெயரில் அஃது ஆங்கிலத்தில் வந்தது. எசாசாம் என்னும் குடியினரின் தலைவர் சாகக் கிடக்கிறார். அவருக்கு 23 மனைவியர். கிறித்தவளான முதிய அத்தை ஒருத்தி அவர்மேல் நீரூற்றித் திருமுழுக்குக் கொடுத்துவிடுகிறாள். அவரோ இறக்காமற் பிழைத்தெழுகிறார். லெ குவென் என்னும் குருவானவர் இதனை இறையருள் என்று கொண்டு, ஒருத்தியை மட்டும் வைத்துக்கொள்ளுமாறு வற்புறுத்துகிறார். உடனே மனைவியரிடையே போட்டி எழுகிறது. மூத்தவளான மக்ரித்தா, உரியவள் தானே என்கிறாள், அவரவர் குடியினரும் திரண்டு வருகின்றனர், ஊர் கலவரமாகிறது. முடிவில் ஆட்சியாளர் தலையிட, குருவானவர் வேறிடத்துக்கு மாற்றப்படுகிறார். ஊர் பழைய வழிக்கே திரும்புகிறது.

நோயுற்ற தலைவர், வியத்தகு நலம், விலக்கப்பட்ட மனைவியர், கொதித்தெழும் உறவினர், தலையிடும் அரசு, அகற்றப்படும் குரு ஆகிய இவையனைத்தும் ஓரியூர் நிகழ்ச்சியின் வரிசையிலேயே அமைந்திருத்தல் வியப்பூட்டுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனக் கொள்ள வேண்டுவதில்லை. மணம் குடிகளின் உடன்படிக்கையாக இருக்கும் நாடெங்கும், ஒரு மனைவியைத் தள்ளுவது ஓர் உடன்படிக்கையைக் கிழிப்பதாகும். அதன் விளைவும் ஒன்றுபோலவே இருக்கும். பெட்டி இக்கதையை நகைச்சுவையாக எழுதினார். குருவானவரையும் தலைவரையும் ஆட்சியாளரையும் ஒருங்கே எள்ளுகிறார். அவர் நோக்கம் குடியேற்ற ஆட்சியைச் சாடுவது. ஆதலின் மனைவியரும் கூட அவர் கையிற் பெரும்பாலும் கூச்சலிடும் கூட்டமாகவே நின்றுவிடுகின்றனர் என்பது ஒரு குறை. ஆயினும் அவர்கள் அங்கே பேசுகின்றனர், உரிமை கேட்கின்றனர். தாம் விடப்படுவது ஏனென்று கேட்கும் குரல் அந்நாவலில் ஒலிக்கிறது. தெய்வப்பற்றோடு எழுதப்படும் அருளானந்தர் வரலாறுகளில் அக்குரலைக் கேட்பது அரிது.

அருளானந்தரின் பெருமைக்கு இதனாற் குறைவு யாதும் இல்லை. அவர் தம் சட்டத்துக்கு உண்மையாக நடந்தார். அதற்காகத் தம் உயிரையே கொடுத்தார். தாம் கொடுக்காத விலையைப் பிறர்மேல் சுமத்தியவர் என்று அவரை எவரும் சொல்ல இயலாது. கடலாயியைத் தீயவளாக்கினால்தான் அவர் புனிதராக விளங்குவார் என்று எண்ணும் எழுத்தாளர்களே அவரைச் சிறியவராக்குகின்றனர். இறையன்புக்காக உயிர் துறந்த ஒருவரை, ஓர் இளம்பெண்ணின் பொறாமைக்குப் பலியானவராகச் சுருக்கிவிடுகின்றனர்.

இந்நாடகத்தைத் திருவிழா மேடையில் அரங்கேற்றுவோர், வழக்கமாகக் கடலாயியை அரண்மனைக் காட்சியில்தான் முதன்முதலாகக் கொண்டு வருவர். தலைவிரி கோலமாக, சினத்தோடு. அதற்கு முன் நிகழ்ந்த காட்சி ஒன்று உண்டு. தடியத்தேவர் தம் கூடத்தில் ஐந்து பெண்களையும் வரவழைத்து நிறுத்துகிறார். ஒருத்தியை மனைவி என்கிறார். நால்வரை உடன்பிறந்தார் என்கிறார். நாடக ஆசிரியர் எவரேனும் அக்காட்சியை எழுதி, தேவர் பேசி முடித்தபின் உடனே திரையை இறக்காமல், அந்த நால்வரில் இளையவளுக்கு ஒரு பேச்சைக் கொடுப்பாராக. அவள் சேதுபதியிடம் போவதற்கு முன், கணவனிடம் கேட்டது என்ன என்பதை அவையோர் கேட்கட்டும்.